மாலையில் திறக்கும் வகுப்பறை

மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கோப்புகள் வந்து சேர்ந்துவிட்டன. சேர்ந்து கற்பது ஏன் இன்னும் வந்து சேரவில்லை?

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நானுஓயா எனப் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில், பின்னேரக் கொழுந்து நிறுக்கப்பட்டு, மலைக்குப் போனவர்கள் லயன்களுக்குத் திரும்பிய பிறகே பல பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பறை திறக்கிறது; வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட் கைத்தொலைபேசி பகலில் பெற்றோரில் ஒருவருடன் வேலைக்குப் போய்விடுவதே இதற்குக் காரணம். அது வீட்டுக்குள் வந்ததும் தரம் 11 மாணவிக்குரிய கணித வினாத்தாள், தரம் 8 மாணவனுக்குரிய வரலாற்றுக் குறிப்பு, தரம் 3 பிள்ளைக்குரிய செயலட்டை என மூன்று வகுப்புகளின் கோப்புகள் வட்ஸ்அப்பில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. பரீட்சை நெருங்கியவருக்கு முதலுரிமை, மற்றவர்களுக்கு மின்கலத்தில் எஞ்சியது என்ற விதி எவரும் எழுதாமலே நடைமுறைக்கு வந்துவிடுகிறது. கொழும்பில் வேலை செய்யும் தந்தையிடமோ மத்திய கிழக்கில் பணிபுரியும் தாயிடமோ அந்தத் தொலைபேசி இருக்குமானால் மாலையிலும் வகுப்பறை திறப்பதில்லை. அயல்வீட்டுப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவதே எஞ்சும் வழி.

கோப்புப் பகிர்வு என்பது ஒருவரிடமுள்ள ஆவணத்தை, படத்தை அல்லது ஒலிப்பதிவை இணையத்தின் வழியே பலருக்குக் கிடைக்கச் செய்வது. கூட்டுப்பணிக் கருவி என்பது அதற்கு ஒரு படி மேலானது: ஒரே ஆவணத்தைப் பலர் தத்தம் திரையில் திறந்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் அக்கணமே கண்டு, திருத்தி, ஓரத்தில் குறிப்பிட இடமளிக்கும் மென்பொருள். கூகுள் டொக்ஸ், கூகுள் கிளாஸ்ரூம், மைக்ரோசொப்ட் டீம்ஸ் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. மலையகத்துக்கு வந்தது கோப்புப் பகிர்வு மட்டுமே. இதற்கு ஆசிரியரின் அக்கறையின்மையைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அலைவரிசை, எழுத்துரு, பரீட்சை முறை, வீட்டின் வருமானம் ஆகிய நான்கும் சேர்ந்தே இந்த ஒருவழிப் பாதையை அமைத்திருக்கின்றன என்பதை நெருங்கிப் பார்ப்பவர் உணரலாம்.

மூடலும் திறப்பும்

பின்னணி நீளமானதல்ல. 2020 மார்ச்சில் கொவிட்-19 தொற்றால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சின் மும்மொழிக் கற்றல் தளமான ஈ-தக்சலாவ முன்னிறுத்தப்பட்டது. தொலைக்காட்சியில் குரு கெதர நிகழ்ச்சி தமிழில் நேத்ரா அலைவரிசையில் ஒளிபரப்பானது. ஆயினும் நாளாந்தக் கற்பித்தலைச் சுமந்தவை இவ்விரண்டுமல்ல, ஆசிரியர்கள் தாமாகவே தொடங்கிய வட்ஸ்அப் குழுக்கள். நாடு முழுவதிலும் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் ஒன்றில் மட்டுமே கணினி இருந்த காலம் அது. தோட்டத் துறையில் அந்த விகிதம் அதனிலும் மிகக் குறைவு.

தோட்டப் பாடசாலைகள் பின்தங்கியது தொற்றுக்காலத்தில் அல்ல என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வட்டத்துக்கு வெளியே நின்றன. 1970களின் பிற்பகுதியில்தான் அவற்றை அரசு பொறுப்பேற்றது. ஒரு தலைமுறை தாமதமாகப் பொதுக்கல்விக்குள் வந்த சமூகத்திடம், அடுத்த மாற்றத்தின்போது சொந்தச் செலவில் கருவி வாங்கிக்கொண்டு வருமாறு கேட்கப்பட்டது.

▣ மூடிய நாட்கள்

• 2020 மார்ச்: கொவிட்-19 காரணமாக நாடளாவிய மூடல்.
• 2021 ஜூலை 12: சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின, ஒக்டோபர் 25 அன்று ஆசிரியர்கள் பாடசாலைக்குத் திரும்பினர்.
• 2022 மார்ச்: நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, மேல் மாகாணத்தில் தாள் தட்டுப்பாட்டால் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைப்பு.
• 2022 ஜூன்: எரிபொருள் தட்டுப்பாட்டால் நகரப் பாடசாலைகள் மீண்டும் இணையவழிக்கு.
• 2025 நவம்பர்: டித்வா புயலும் மண்சரிவுகளும், உயர்தரப் பரீட்சை இடைநடுவில் நிறுத்தம்.

இறங்கும், ஏறாது

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பினும், தோட்டங்களின் லயன்கள் பெரும்பாலும் மலைமுடிகளில் அல்ல, மலைகளின் மடிப்புகளில் அமைந்துள்ளன. கைத்தொலைபேசி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை; இடையில் மலையொன்று நின்றால் அதன் மறுபக்கம் நிழல் விழுந்ததுபோல் சமிக்ஞை மங்கிவிடும். இதனால் ஒரே தோட்டத்தின் மேற்பிரிவில் படம் பார்க்க முடிவதும் கீழ்ப்பிரிவில் அழைப்பே கிடைக்காததும் இயல்பான செய்திகள். 2021இல் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்து மாணவர்கள் பாறை உச்சிக்கு ஏறியதும், லுணுகலைப் பிள்ளைகள் காட்டிலுள்ள மரவீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டதும் உலகச் செய்தியாயின. அந்தப் படங்கள் வியப்பையும் இரக்கத்தையும் எழுப்பின. அலைவரிசையின் நுட்பத்தை எவருக்கும் விளக்கவில்லை.

அந்த நுட்பம் இதுதான். கோபுரத்தின் அலைபரப்பி பத்துக்கணக்கான வாட் வலுவில் பேசுகிறது. கையிலுள்ள தொலைபேசியோ உச்ச அளவிலும் ஏறத்தாழ 0.2 வாட் வலுவிலேயே பதில் சொல்கிறது. ஆகவே சமிக்ஞை மெலியும் இடத்தில் முதலில் தடைப்படுவது பதிவிறக்கம் அல்ல, மேலேற்றம். ஆசிரியர் அனுப்பிய வினாத்தாள் மெதுவாகவேனும் வந்துவிடுகிறது. மாணவர் எழுதிய விடையின் படம் போகாமல் நின்றுவிடுகிறது. மாணவர் பதில் அனுப்பவில்லை என்ற ஆசிரியரின் குறையும், அனுப்பினேன் போகவில்லை என்ற மாணவரின் விளக்கமும் ஒருசேர உண்மையாக இருப்பது இதனால்தான். நகரத்தில் ஒழுங்கீனமாகத் தெரிவது தோட்டத்தில் பௌதிகவியல்.

இங்கே பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்தால் அப்படம் 3 மெகாபைட் வரை இருக்கும். வட்ஸ்அப் அதைச் சுருக்கி அனுப்பும்போது பென்சில் எழுத்தும் பின்னத்தின் கீழ்க்கோடும் மங்கி, திருத்துபவர் ஊகித்துப் படிக்க நேர்கிறது. அதே பக்கத்தில் உள்ள 1,500 எழுத்துக்குறிகளைத் தட்டச்சுச் செய்தால், ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் என்ற கணக்கில், 5 கிலோபைட்டுக்கும் குறைவாகவே வரும். படத்தின் அளவில் ஏறத்தாழ அறுநூற்றில் ஒரு பங்கு. கூட்டுப்பணி ஆவணம் முழுக் கோப்பையும் மீண்டும் மீண்டும் அனுப்பாமல் புதிதாக எழுதப்பட்டதை மட்டும் அனுப்புவதால், செயலியை ஒருமுறை நிறுவும் செலவு கழிந்தபின் மெலிந்த அலைவரிசைக்கு உண்மையில் ஏற்றது அதுவே. வசதியுள்ளவர்களின் கருவி என்று ஒதுக்கப்பட்ட ஒன்று வசதியற்ற பள்ளத்தாக்குக்கே அதிகம் பொருந்துகிறது என்பது விசித்திரம்தான். எனினும் மலையக வகுப்பறைகளில் அது வேரூன்றாததற்கு வேறு இரண்டு தடைகள் காரணமாக நின்றன.

பாமினியின் நிழல்

முதல் தடை எழுத்துரு. இலங்கையின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் வினாத்தாள்களும் குறிப்புகளும் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டு வந்தன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய ஏற்பாடு. கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்தே, திரையில் தெரிவது மட்டும் தமிழ். அந்த எழுத்துரு நிறுவப்படாத தொலைபேசியில் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சியளிக்கும். உலகப் பொதுக் குறிமுறையான யுனிகோட் இச்சிக்கலைத் தீர்த்து நெடுநாளாயிற்று; இலங்கையும் தமிழுக்கென எஸ்.எல்.எஸ். 1326 என்ற தேசியத் தரத்தை 2008இல் வகுத்தது. ஆயினும் ஆசிரியர்களின் விரல்களுக்குப் பழகியது பாமினி விசைப்பலகை.

விளைவு கோப்பின் வகையிலேயே தென்படுகிறது. எழுத்துரு சிதையாமல் இருக்க ஆசிரியர்கள் கோப்பை பி.டி.எப். ஆக மாற்றி அனுப்புகிறார்கள். அவ்வகைக் கோப்பு எழுத்துருவைத் தன்னுள்ளேயே சுமந்து செல்வதால் எந்தத் தொலைபேசியிலும் சரியாகத் தெரியும். ஆனால் அதில் மாணவர் எழுத முடியாது. மற்றொரு ஆசிரியர் எளிதில் திருத்த முடியாது. பாமினியில் அமைந்த உள்ளடக்கத்தைத் தமிழ்ச் சொல் கொடுத்துத் தேடவும் முடியாது. சேர்ந்து எழுதுவதற்கான கதவு, வாசிப்பதற்கான கதவைத் திறந்த அதே கையால் மூடப்பட்டது.

இரண்டாவது தடை பரீட்சை. தரம் 5 புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் ஆகிய மூன்றும் தாளில், கையால், தனியாக எழுதப்படுபவை. நான்கு மாணவர்கள் ஒரே ஆவணத்தில் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு இம்மூன்றிலும் ஒரு புள்ளியும் இல்லை. பரீட்சைப் பெறுபேற்றால் அளக்கப்படும் ஆசிரியர் பரீட்சைக்கு உதவாத கருவியில் நேரம் செலவிடத் தயங்குவதைக் குறையாகச் சொல்ல முடியாது. குறை மதிப்பீட்டு முறையில் இருக்கிறது.

▣ கருவிகளின் அளவுகள்

• கூகுள் கணக்கொன்றுக்கு இலவசச் சேமிப்பு 15 ஜி.பி.; மின்னஞ்சலும் புகைப்படங்களும் டிரைவும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன.
• வட்ஸ்அப் குழுவில் 2022 வரை 256 பேர் மட்டுமே சேர முடிந்தது. பின்னர் அது 1,024 ஆக உயர்ந்தது. அனுப்பக்கூடிய கோப்பின் உச்ச அளவு 100 மெகாபைட்டிலிருந்து 2 ஜி.பி. ஆனது.
• பதிவிறக்கப்படாத வட்ஸ்அப் கோப்பு 30 நாட்களில் வழங்கியிலிருந்து நீக்கப்படும்.
• சூம் இலவசக் கணக்கில் கூட்டமொன்றுக்கு 40 நிமிட வரம்பு.
• பொதுவான கூகுள் கணக்கைத் தாமே நிர்வகிக்கப் பிள்ளைக்குக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும்.

செலவு யாருடையது

தாளில் அச்சிட்ட வினாத்தாளைப் பாடசாலை கொடுத்த காலத்தில் அச்சுச் செலவு பாடசாலையிடமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமோ இருந்தது. கோப்பாக அனுப்பப்படும்போது அதே செலவு வீட்டுக்கு இடம்பெயர்கிறது. சிறு திரையில் பன்னிரண்டு பக்க வினாத்தாளைப் பெருக்கிச் சுருக்கிப் படிக்க இயலாத மாணவர், நகரத்திலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போய் அச்செடுக்க வேண்டும். அதற்குப் பேருந்துக் கட்டணம், பக்கத்துக்கு இவ்வளவு என்ற அச்சுக் கட்டணம், அதற்கு முன்பே டேட்டாவுக்கான ரீலோட். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதே 2021 மார்ச்சில்தான். அதுவும் முழுப்பேர், அதாவது முழுநாள் வேலைப் பதிவு, கிடைக்கும் நாட்களுக்கு மட்டும். இலவசக் கல்வி என்ற சொல்லுக்குள் ரீலோட் அடங்குமா என்ற கேள்விக்குக் கொள்கை வகுப்போரிடமிருந்து விடை வந்ததில்லை.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஈ-தக்சலாவவைத் தரவுக் கட்டணமின்றித் திறந்துவிட்டது நல்ல ஏற்பாடு. ஆனால் அச்சலுகை தளத்தின் முகவரிக்கு உரியது. ஆசிரியர்கள் உண்மையில் பயன்படுத்திய வட்ஸ்அப், சூம், கூகுள் டிரைவ் ஆகியவற்றுக்கு அது பொருந்தவில்லை. மாணவர் இருந்த இடத்தில் சலுகை இல்லை. சலுகை இருந்த இடத்தில் அவரது ஆசிரியர் இல்லை.

ஆசிரியர் தரப்பிலும் இதே கணக்கு உண்டு. 2021 ஜூலையில் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது முன்வைத்த முதன்மைக் கோரிக்கை 1997 முதல் தீராதிருந்த சம்பள முரண்பாடு. எனினும் அந்தப் போராட்டம் தற்செயலாக வேறோர் உண்மையை வெளிச்சமிட்டது. கற்பித்தலுக்குப் பயன்பட்ட தொலைபேசி, டேட்டா, கணக்கு, குழு எல்லாமே ஆசிரியரின் சொந்த உடைமை. அவர் விலகியதும் வகுப்பறை முழுதாக மறைந்தது. பாடசாலையிடம் அதன் சாவியே இருக்கவில்லை. ஏறத்தாழ மூன்றரை மாதம் அது மறைந்தே இருந்தது. நகர மாணவருக்குக் கட்டண வகுப்புகள் மாற்றாக அமைந்தன. லயன்களில் அந்த மாற்றுக்கு வழியில்லை.

யாருக்குப் பலன்

பலனே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. உயர்தர விஞ்ஞானம், கணிதம் ஆகிய பிரிவுகளில் தமிழ்மொழிமூல ஆசிரியர் பற்றாக்குறை மலையகத்தின் தீராத நோய். பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கியவை என ஒதுக்கீடு பெறும் 16 மாவட்டங்களுள் நுவரெலியாவும் பதுளையும் அடங்கும். இந்த நிலையில் யாழ்ப்பாணத்தின் தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் தயாரிக்கும் உயர்தரப் பயிற்சி வினாத்தாள்கள், வடக்கு, கிழக்கு மாகாணங்களின் தவணைப் பரீட்சைத் தாள்கள், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் வைத்துள்ள பாடநூல்கள் ஆகியன மலையக மாணவரின் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்வது சிறிய காரியமல்ல. முன்பு யாழ்ப்பாணம் போய் வந்த ஒருவர் பையில் கொண்டுவந்தால் மட்டுமே கிட்டிய தாள்கள் அவை.

ஆனால் வந்தவை தங்குவதில்லை. வட்ஸ்அப் ஓடும் நீர். அதை அலுமாரியாகப் பயன்படுத்தியதே அடிப்படைப் பிழை. தொலைபேசியின் நினைவகம் நிரம்பியதும் பெற்றோர் முதலில் அழிப்பது பிள்ளையின் பாடக் கோப்புகளையே. இடையில் குழுவில் சேரும் மாணவருக்குக் கடந்த தவணையின் குறிப்புகள் தாமாகத் தெரிவதில்லை. வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது அவர் சேகரித்த அனைத்தும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் வெறுங்கையோடு தொடங்குகிறார். 2025 நவம்பரின் மண்சரிவுகளில் வீடுகளோடு கொப்பிகளும் புதையுண்ட குடும்பங்களுக்கு, எங்கோ ஒரு வழங்கியில் பாதுகாக்கப்பட்ட பிரதி எத்தகைய உதவியாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தெரியும் இலக்கங்கள்

பேசப்படாத மற்றொரு விளைவு அந்தரங்கம் பற்றியது. வகுப்புக்கான வட்ஸ்அப் குழுவில் சேரும் ஒவ்வொருவரின் தொலைபேசி இலக்கமும் ஏனைய அனைவருக்கும் தெரியும். பதின்ம வயதுப் பெண்பிள்ளையோ அவளது தாயோ அவ்விதம் அறியப்பட்ட இலக்கத்தால் தொல்லைக்குள்ளாகும்போது, பல வீடுகள் எடுக்கும் முடிவு குழுவிலிருந்து விலகுவது. அதாவது பாதிக்கப்பட்டவரே வகுப்பறையை விட்டு வெளியேறுவது. பெண் ஆசிரியர்களுக்கும் இந்த அச்சம் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் தொடர்பான தரவை விசேட வகைத் தரவாகக் கருதுகிறது. பாடசாலைக் குழுக்களுக்கு அச்சட்டத்தின் ஒழுங்கு எட்டவே இல்லை. கிளாஸ்ரூம் போன்ற தளத்தில் மாணவரின் தொலைபேசி இலக்கம் ஏனைய மாணவருக்குத் தெரிவதில்லை என்பது, அத்தளங்களுக்கு மாறுவதற்கான மிக வலிய நியாயம். ஆனால் விவாதங்களில் அது கடைசியாகவே குறிப்பிடப்படுகிறது.

பாடசாலையின் பெயரில்

வேகமான இணையம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாகக் கேட்கிறது. ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சேவை 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியது. மலை மறைக்காத வானத்திலிருந்து வருவதால் பள்ளத்தாக்குப் பாடசாலைக்கு அது பொருத்தமானதே. ஆயினும் லயன் அறையொன்றால் அதன் கட்டணத்தைத் தாங்க இயலாது. எனவே இணைப்பு வர வேண்டிய இடம் வீடல்ல, பாடசாலை. பாடசாலையில் ஒரு சிறு கணினியை வழங்கியாக வைத்து, வெளி இணையம் இல்லாமலே உள்ளக வைபை மூலம் பாடங்களை வழங்கும் கொலிப்ரி போன்ற இலவச மென்பொருள்கள் 2017 முதல் உலகின் பின்தங்கிய பகுதிகளில் பயன்பாட்டில் உள்ளன. மாணவர் வகுப்பு முடிந்து வீடு திரும்புமுன் அடுத்த வாரத்துக்கான கோப்புகளைத் தொலைபேசியிலோ பென் டிரைவிலோ ஏற்றிக்கொண்டால், மாலை நேர அலைவரிசைப் போட்டியும் ரீலோட் செலவும் ஒருசேரக் குறையும். தொலைபேசி பகலில் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு அந்தப் பென் டிரைவையும் அதைத் திறக்கப் பாடசாலைக் கணினி அறையையும் பின்னேரங்களில் வழங்க வேண்டியிருக்கும்.

இதற்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என ஐந்து கல்வி வலயங்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு வலயமும் பாடவாரியாக ஒரு பொதுச் சேமிப்பகத்தைத் திறந்து, அதன் கணக்கை ஆசிரியரின் சொந்தப் பெயரிலன்றி வலயத்தின், பாடசாலையின் பெயரில் வைத்து, அங்கே ஏற்றப்படும் கோப்புகள் யுனிகோட்டில் இருக்க வேண்டும் என்று பணித்தாலே, இடமாற்றத்தோடு அழியும் உழைப்பு நின்றுவிடும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி ஆண்டுதோறும் புதிய ஆசிரியர்களை மலையகத்துக்கு அனுப்பும் நிறுவனம். யுனிகோட் தட்டச்சும் கூட்டு ஆவணத்தில் பாடத்திட்டம் தயாரிப்பதும் அங்கேயே பயிற்றுவிக்கப்படலாம். மாணவருக்கு முன்பாக ஆசிரியர்களே சேர்ந்து எழுதப் பழக வேண்டும்: பத்துப் பாடசாலைகளின் இரசாயனவியல் ஆசிரியர்கள் ஒரே வினாத்தாளைப் பங்கிட்டுத் தயாரித்தால், அப்பாடத்துக்கு ஆசிரியரே இல்லாத பதினோராவது பாடசாலைக்கும் அது போய்ச் சேரும்.

வலயக் கல்விப் பணிப்பாளர்களும் அதிபர்களும் அமைச்சின் அடுத்த சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 15 ஜி.பி. சேமிப்பு ஒரு ரூபாயும் கேட்காது. பாடசாலையின் பெயரில் கணக்கொன்றைத் திறப்பது ஒரு மணித்தியால வேலை. அடுத்த தவணை தொடங்குமுன் அதைச் செய்யுங்கள்; இவ்வருட இடமாற்றப் பட்டியலில் உள்ள ஆசிரியர்களிடம் அவர்களது கோப்புகளை முதலில் கேட்டு வாங்குங்கள்.